மனசை எப்படிக் கணிக்கிறீர்கள்? மதுரை கிளினிகல் சைக்காலஜிஸ்ட் பதில்கள்

மேடம், போன்ல 9 கேள்வி டெஸ்ட் எடுத்தேன். 16 வந்துச்சு. எனக்கு டிப்ரஷனா? (செல்லூர்)

அது பி.எச்.க்யூ-9, மனச்சோர்வை (டிப்ரஷன்) அளக்கும் கேள்வித்தாள். கடந்த 2 வாரமாகத் தூக்கம், பசி, ஈடுபாடு எப்படி என்று கேட்கும், மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஆளை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி வரும். அதனால் ரத்தப் பரிசோதனை கேட்போம். முன்பு எப்போதாவது நாலைந்து நாள் சரியாகத் தூங்காமலே தெம்பாகத் திரிந்து, கடன் வாங்கிச் செலவழித்தீர்களா என்றும் கேட்போம். ஆமென்றால் மனநிலை மிகையாக ஏறி இறங்கும் பைபோலார் நோயாக இருக்கலாம், மருந்தே மாறும். அந்த ஒன்பதில் இந்தக் கேள்வி கிடையாது. ஒன்பதாவது, சாகத் தோன்றுவது பற்றியது. அதில் பூஜ்யம் போடவில்லையென்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இப்போதே பேசுங்கள், தமிழில் பேசுவார்கள்.

அம்மாவுக்கு நெஞ்சடைப்பு. ஈசிஜி, எக்கோ நார்மல். உங்ககிட்ட அனுப்புறாங்க. நடிக்கிறாங்களா? (உசிலம்பட்டி)

நடிப்பே இல்லை. நம் பக்கம் "கவலையா இருக்கு" என்று வருபவர் குறைவு. "நெஞ்சு படபடங்குது, தலைக்குள்ள ஊருது" என்றுதான் வருவார்கள். உள்ளே நுழையும்போதே கவனிக்கத் தொடங்கிவிடுவேன்: நடை, தலை வாரியிருக்கிறாரா, கேட்டதற்குப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது. மகன் பக்கத்தில் இருக்கும்வரை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். மகனை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் வரும்: "விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துருது, அப்புறம் கூரையையே பாத்துக்கிட்டுக் கிடப்பேன்." அந்த மூன்று மணி, மனச்சோர்வைக் காட்டும் பெரிய தடயம் எனக்கு. தயவுசெய்து அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.

குறி சொல்ற கோடாங்கிகிட்ட போனதைச் சொன்னா திட்டுவீங்களா? (மேலூர்)

மாட்டேன். எந்த மாதம் போனீர்கள் என்பதிலிருந்துதான் தொந்தரவு எப்போது தொடங்கியது என்று பிடிபடும். கோயிலில் சாமி வந்து ஆடி, முடிந்ததும் பழையபடி வீட்டு வேலை பார்க்கிறவருக்கு நோய்ப் பெயர் வைக்கக் கூடாது. எங்கள் நோய் வகைப்பாட்டு நூல்களும் அதையே சொல்கின்றன. வாரக்கணக்கில் யாருமில்லாதபோது குரல் கேட்டு, சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மாத்திரை எழுதுவீங்களா?

இல்லை, அது மனநல மருத்துவரான சைக்கியாட்ரிஸ்ட் வேலை. அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. என்னைப் போன்றவர்களிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வரும்போது பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள்.