பயம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது?

வாசகர் கேள்வி – பதில்: மனம்

கேள்வி: எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில் இருக்கிறது. என் ஏழு வயது மகனைச் சென்ற ஆண்டு தெருநாய் ஒன்று துரத்திவிட்டது, கடிக்கவில்லை. அன்றிலிருந்து தெருமுனையில் மீன் விற்கும் இடத்தை அவன் தாண்டுவதே இல்லை. அங்கே எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் படுத்திருக்கும். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். மாமியார் தாயத்து கட்டினார். 'ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா' என்று என் கணவர் திட்டுகிறார். உளவியல் இதற்கு என்ன சொல்கிறது?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: சகோதரி, முதலில் அந்தத் திட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஆபத்து எது என்பதை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும்படிதான் மனித மூளை அமைந்திருக்கிறது. உங்கள் மகன் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். அதற்கும் ஆண்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

விலங்குக்கு அஞ்சிய மூன்று சிறுவர்கள் உளவியல் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்கள். முதலாமவன் வியன்னாவைச் சேர்ந்த, 'ஹான்ஸ்' என்று அழைக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன். குதிரைக்குப் பயந்து தெருவுக்கே வர மறுத்த அவனைப் பற்றி 1909இல் எழுதிய சிக்மண்ட் பிராய்டு, பெரும்பாலும் சிறுவனின் தந்தை தந்த குறிப்புகளைக் கொண்டே, அது உண்மையில் தந்தையைப் பற்றிய அச்சம் என்றும் மனத்தின் அடியில் கிடந்த அது குதிரையின் மேல் ஏறிக்கொண்டது என்றும் விளக்கினார். மனத்தின் ஆழத்தில் புதைந்திருப்பதைத் தேடும் உளப்பகுப்பாய்வு என்னும் முறையின் பார்வை இதுவே. ஆனால் வண்டி இழுத்த குதிரையொன்று தெருவில் விழுந்ததை அந்தச் சிறுவன் நேரில் பார்த்திருக்கிறான் என்பதும் அதே குறிப்புகளில் இருக்கிறது. அந்தக் காட்சியே போதுமான காரணம் என்பது என் கருத்து. உங்கள் மகன் விஷயத்திலும் ஆழத்தில் எதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது 'ஆல்பர்ட்' என்னும் கைக்குழந்தை. அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920இல் வெளியிட்ட சோதனையில், குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டை ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளிலேயே, சத்தம் இல்லாதபோதும் குழந்தை எலியைக் கண்டு அழுதது. பிறகு முயலைக் கண்டும், நாயைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும் அஞ்சியது. உங்கள் மகனைத் துரத்தியது ஒரு நாய். அவன் அஞ்சுவது எல்லா நாய்களுக்கும். பயம் இப்படித்தான் பரவும். உண்டாக்கிய பயத்தைப் போக்காமலேயே அந்தக் குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இன்றைய ஆய்வு நெறிகள் இப்படியொரு சோதனையை ஒருபோதும் அனுமதிக்கா.

மூன்றாமவன்தான் உங்களுக்கு வழிகாட்டுபவன். முயலுக்கு அஞ்சிய 'பீட்டர்' என்னும் மூன்று வயதுச் சிறுவனை மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1924இல் வேறு விதமாக அணுகினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலை அவன் கலங்காத தொலைவில் வைத்தார். நாளாக நாளாகச் சற்றே அருகில் நகர்த்தினார். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் உடன் விளையாட விட்டார். கடைசியில் பீட்டர் அந்த முயலைத் தன் கையாலேயே தொட்டு விளையாடினான்.

இங்கே உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் சுற்றுவழியில் திரும்பும் அந்தக் கணத்தில் மகனின் இறுகிய கை தளர்வதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. விலகியதும் நிம்மதி கிடைப்பதால், அடுத்த முறையும் விலகவே மனம் தூண்டுகிறது. நாய் ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்போ அவனுக்குக் கிடைப்பதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் வழிவந்தவர்கள் இதனை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள்.

ஆகவே, முதல் சில நாள்கள் மாடியிலிருந்தோ சன்னலிலிருந்தோ அந்த நாய்களை அவனோடு சேர்ந்து பாருங்கள். எது தூங்குகிறது, எது மீன் தலைக்காகக் காத்திருக்கிறது என்று பேசுங்கள். பிறகு தெருவின் மறுகோடியில், அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தோடு நில்லுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பிவிடாமல், அது தணிந்தபின் திரும்புங்கள். தணியவில்லையென்றால் நீங்கள் நின்ற இடம் கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள், அடுத்த நாள் தள்ளி நில்லுங்கள். 'நாய் என்றாலே கடிக்கும்' என்று அவன் சொன்னால் மறுக்காதீர்கள்; இந்த வாரம் நாம் பார்த்த நாய்களில் எது கடித்தது என்று கேளுங்கள். எண்ணத்தைச் சான்றோடு ஒப்பிடச் சொல்லும் இந்த முறை, 1960களில் ஆரன் பெக் வளர்த்தெடுத்த அறிதிறன் சிகிச்சையைச் சேர்ந்தது. தெருநாயைத் தொட்டுக் கொஞ்ச வேண்டியதே இல்லை. பதறாமல் கடந்து செல்வதே நம் இலக்கு. என்றாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், மாமியாருடன் அதற்காகச் சண்டை வேண்டாம்.

கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். பாவ்லவ், ஸ்கின்னர், கோலர், மாஸ்லோ என எல்லோரும் ஒருவரையொருவர் மறுப்பதுபோல் இருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: அவர்கள் பார்த்தது ஒரே பொருளை அன்று. கணக்கு வாத்தியார் அடித்ததால் கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே வயிறு கலங்கும் மாணவனைப் பாவ்லவ்வின் ஆக்கநிலையிறுத்தம் (இரண்டு சேர்ந்தே வருவதால் ஒன்றின் உணர்வு மற்றதிலும் ஒட்டிக்கொள்வது) விளக்கும். பாராட்டுக் கிடைப்பதால் வீட்டுப்பாடத்தை விடாமல் செய்பவளை ஸ்கின்னர் விளக்குவார். வெகுநேரம் விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று 'ஆ, புரிந்துவிட்டது' என்று எழுபவனுக்கு, இரண்டு கழிகளை இணைத்து வாழைப்பழத்தை இழுத்த சுல்தான் என்ற சிம்பன்சியைக் கண்ட கோலரின் உட்காட்சிக் கற்றல் பொருந்தும். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதற்கு மாஸ்லோவைப் படிக்க வேண்டுமென்பதில்லை, அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டமே சான்று. மாஸ்லோ 1943இல் முன்வைத்த தேவைகளின் படிநிலை (பசி போன்ற அடிப்படைத் தேவை தீர்ந்த பிறகே மேலான தேவைகள் எழும் என்பது) வரிசை மாறாமல் இயங்குகிறது என்பதற்கு மட்டும் ஆய்வுச் சான்று வலுவாக இல்லை; தேர்வில் எழுதுங்கள், வகுப்பறையில் அதையே விதியாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, வேலைக்குப் போகவும் மனமில்லை. டாக்டரிடம் போனால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பார்களோ என்று தயங்குகிறேன்.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: சொல்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் பொறுத்துவிட்டீர்கள். உங்களுக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. மனநல மருத்துவர் மருந்து தருவார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார். சிலருக்கு இரண்டும் தேவைப்படும். நேரில் போகும்வரை பொறுக்க முடியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இன்று இரவே அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி, அவரை உடன் இருக்கச் செய்யுங்கள்.