கடைக்குட்டிக்கு மட்டும் ஏன் கொத்து?

கேள்வி: எதிர்வீட்டு வேப்பமரத்தில் கரும்பருந்து மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. பெரியது சின்னதைக் கொத்துகிறது. தலையிடலாமா? மாடியிலிருந்து பார்த்தால் தாய்க்குத் தொந்தரவா?
– வாசகர், மதுரை

பதில்: தலையிட வேண்டாம். முதல் முட்டையிலிருந்தே அடை தொடங்குவதால் குஞ்சுகள் நாள் தள்ளித்தான் பொரிகின்றன. மூத்தது பருத்துவிடும், இரை குறைந்தால் கடைக்குட்டி பட்டினி. கொடூரமாகத் தோன்றும், ஆனால் பருந்துக் குடும்பத்தில் இது சகஜம்.

பார்ப்பதென்றால் 50 மீட்டராவது தள்ளி, 8×42 பைனாகுலரோடு அசையாமல் உட்காருங்கள். தாய் கத்திக்கொண்டே உங்கள் தலைக்குமேல் வட்டமிட்டால் உடனே இறங்கிவிடுங்கள். உச்சி வெயிலில் போகவே கூடாது: அப்போது அது சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்துகொண்டிருக்கும். எழுப்பிவிட்டால் பஞ்சுத்தூவிக் குஞ்சு வெயிலில் வாடும், காகமும் காத்திருக்கும்.

கூட்டில் கந்தல், பிளாஸ்டிக், நூல் எல்லாம் இருக்கும். மாஞ்சா நூல் காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். அப்போது வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்கள் ஏறாதீர்கள். விழுந்த குஞ்சைக் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், துணிமேல், இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பால்சோறும் ஆகாது. இறகு முழுசாக முளைத்து, காயமும் இல்லையென்றால் பக்கத்துக் கிளையில் விடுங்கள். பெற்றோரே வந்து ஊட்டும்.