18 வயதாகும் மகன் மாத்திரை வேண்டாம் என்கிறான்

கேள்வி: எங்களுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மகனுக்கு அடுத்த மாதம் 18 வயது. பத்தாவது படிக்கும்போதே கடுங்கோபம், தூக்கமின்மை, கையைக் கீறிக்கொள்வது எல்லாம் இருந்தது. மனநல மருத்துவர் தந்த மாத்திரையில் தேறினான். இரண்டு மாதமாக அதைத் தொடுவதில்லை. "இனிமே என் இஷ்டம்" என்கிறான். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு பைக்கில் புதுச்சேரி போய்க் குடிக்கிறான். சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கலக்காதீர்கள் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் உள்ளே மாத்திரை போயிருப்பது தெரியாமல் அவன் குடித்தால், சில மருந்துகள் மதுவோடு சேர்ந்து மயக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் உண்டாக்கும். கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் உங்கள் கையால் சோறே சாப்பிட மாட்டான். மேலும், இடைவெளி விட்ட சில மாத்திரைகளைப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. சிறிய அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

ஏன் நிறுத்தினான் என்று கேட்டீர்களா? இந்த வயதுப் பையன்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. காலையில் வகுப்பில் தூக்கம், உடல் எடை கூடுவது, பாலுறவு சார்ந்த தொந்தரவு, நண்பன் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடுமோ என்ற பயம். இவற்றில் பாதியை அம்மா முன்னால் சொல்ல மாட்டான். மருத்துவரிடம் அவன் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி உண்டு.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகு சிகிச்சைக்கு அவனுடைய சம்மதம்தான் வேண்டும். தன் சார்பில் முடிவெடுக்க உதவும் ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவனே நியமிக்கலாம். நன்றாக இருக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். உங்களை விட்டுவிட்டு மாமாவையோ அக்காவையோ சொன்னால் வருத்தப்படாதீர்கள். நெருக்கடியில் அவன் யார் பேச்சைக் கேட்பான் என்பதுதான் முக்கியம்.

குடி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். புதுச்சேரியில் 18 போதும். அடுத்த மாதம் முதல் அங்கே சட்டமும் அவனைத் தடுக்காது. அதனால் ஒரே ஒரு விதியை இறுக்கிப் பிடியுங்கள்: குடித்தால் பைக்கைத் தொடக் கூடாது. எந்நேரம் போன் செய்தாலும் அப்பா திட்டாமல் போய் அழைத்து வர வேண்டும். முடி, போன், எழுந்திருக்கும் நேரம் போன்ற சண்டைகளை விட்டுவிடுங்கள்.

கையில் புதுக் கீறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மிச்ச மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். 'ஆமாம்' என்றாலோ, நாள்கணக்கில் தூங்காமல் தனியாகப் பேசினாலோ, அவனைத் தனியே விடாமல் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ உடனே அழைத்துப் போங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில், அவன் மறுத்தாலும் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் (டெலி மானஸ்) இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அவன் வர மறுத்தால், இந்த வாரமே நீங்களும் கணவரும் மட்டும் பழைய சீட்டோடு அந்த மருத்துவரைப் பாருங்கள். போவதை அவனிடம் மறைக்க வேண்டாம்.