தொழில்முனைவுப் பாடத்தைக் கணக்கு நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தொழில்முனைவும் நிதி அறிவும் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு பாடவேளைதான். நான் கணித ஆசிரியர், வியாபார அனுபவம் கிடையாது. எங்கே தொடங்குவது?

பதில்: தயங்கவே வேண்டாம். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில்தான். சாதனையாளர் கதைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு சின்ன வியாபாரத்தை அவர்களையே நடத்தச் சொல்லுங்கள். 1919-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு இதைத்தான் செய்தது: மாணவர்களே கம்பெனி தொடங்கி, பொருள் செய்து, விற்று, கணக்கை முடிப்பார்கள்.

ஒரு குழு வாழ்த்து அட்டை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்கு 40 ரூபாய் செலவு, விலை 50 ரூபாய். நூறு செய்து 70 விற்றாகிவிட்டது. லாபம் எவ்வளவு? '700' என்று சட்டென்று பதில் வரும். சரி, டப்பாவில் உள்ள காசை எண்ணச் சொல்லுங்கள். 3,500 இருக்கும். போட்ட முதலோ 4,000. எண்பதாவது அட்டை விற்றால்தான் முதலே திரும்பும். மீதி 30 அட்டைக்கும் ஆள் கிடைத்தால் கவலையில்லை. ஆண்டு எண் அச்சிட்ட அட்டையாக இருந்து அந்த ஆண்டும் போய்விட்டால், 500 நஷ்டம்தான். லாபம் வேறு, கையிருப்பு வேறு என்பதை இந்த ஒரு டப்பா புரியவைத்துவிடும். அட்டை வெட்டி ஒட்டிய நேரத்துக்குக் கூலி போட்டீர்களா என்றும் கேளுங்கள், விலையை மறுபடி யோசிப்பார்கள்.

முதலை வீட்டிலிருந்து கொண்டுவர விடாதீர்கள். எல்லாக் குழுவுக்கும் பள்ளியே ஒரே தொகை தரட்டும். மதிப்பெண்ணும் லாபத்துக்கு வேண்டாம். கணக்கு நோட்டு ஒழுங்காக இருக்கிறதா, விற்காதபோது என்ன முடிவெடுத்தார்கள் என்று பார்த்துப் போடுங்கள். நன்றாக யோசித்து நஷ்டப்பட்ட குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

அப்புறம் கடன். மாதம் 2 சதவீதம் என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஒன்றும் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி ஏறி 35 மாதத்தில் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கால்குலேட்டரில் கடன் தொகையை 1.02-ஆல் 35 முறை அவர்களே பெருக்கிப் பார்க்கட்டும்.

பயிற்சிக்குச் சம்பளச் சீட்டு, பில் போன்றவற்றைப் படிக்கக் கொடுங்கள். 15 வயதினரின் நிதி அறிவை 2012 முதல் சோதித்துவரும் பைசா (PISA) என்ற பன்னாட்டுத் தேர்விலும் இப்படிப்பட்ட கேள்விகள் வந்திருக்கின்றன. பட்ஜெட் போடச் சொல்லும்போது மட்டும் கவனம்: சொந்த வீட்டு வருமானத்தை எழுதிவரச் சொல்லாதீர்கள். இல்லாத பிள்ளை கூசிப்போகும். கற்பனைக் குடும்பம் ஒன்றின் வரவு செலவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.