குழந்தைகள் வார்டுக்குப் போக ஆசைப்படும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம், குழந்தைகள் வார்டில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள், ஆனால் குழந்தை அழுதால் இவளும் கலங்கிவிடுகிறாள், ஆன்லைனில் சைக்காலஜி கோர்ஸ் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். சைக்காலஜி அவளுக்கு முதல் வருடப் பாடத்திலேயே வந்தது. குழந்தைகள் நலம், மனநல நர்சிங் இரண்டையும் படித்துவிட்டாள். இனி அதை வார்டில் செய்து பழக வேண்டும்.

நாலு வயசுக் குழந்தைக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று ஏமாற்றினால் அடுத்த முறை அது கையையே நீட்டாது. பழகிய நர்ஸ், "சுருக்குன்னு இருக்கும், கொஞ்ச நேரம்தான்" என்று உள்ளதைச் சொல்வார். படுக்கவைத்து அமுக்காமல் அம்மா மடியில் உட்காரவைப்பார். முடிந்தால் எந்தக் கையில் போடலாம் என்று குழந்தையையே கேட்பார். ஊசி ஏறும்போது சோப்புக் குமிழி ஊதச் சொல்வார். கவனமும் திரும்பும், மூச்சை நீளமாக விடுவதில் உடம்பும் தளரும். வலி எவ்வளவு என்று அறிய, ஆறு முகங்கள் வரைந்த வோங்-பேக்கர் அட்டையைக் காட்டுவார். மூன்று வயதுக் குழந்தைகூட அதில் தன் வலிக்கேற்ற முகத்தைத் தொட்டுக் காட்டும்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் வேலை இன்னும் கடினம். "செத்துடலாம்னு இருக்கு சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று நைட் டியூட்டியில் ஒரு பெண் சொன்னால், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த எண்ணத்தைப் பற்றி நேராகவே கேட்கலாம். கேட்பதால் அது வளராது. அவளைத் தனியாக விடாமல் உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்க முடியாது அம்மா. அனுபவமுள்ள சிஸ்டர் பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும்.

மகள் கலங்குவதை நினைத்துப் பயப்படாதீர்கள். குழந்தையின் வலி அவளுக்குப் புரிகிறது. கை நடுங்காமல் வேலையை முடிப்பது பழக்கத்தில் வந்துவிடும்.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் போல குழந்தைகளுக்கென்றே உள்ள இடங்கள் சென்னையில் இருக்கின்றன. அப்படி ஓரிடத்தில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். அப்புறம் குழந்தைகள் நல நர்சிங்கில் 2 வருட எம்.எஸ்சி. சேரலாம், அதற்கு எப்படியும் வேலை அனுபவம் கேட்பார்கள்.

நேர்காணலில் அவள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். புதிதாகச் சேருபவரோடு எத்தனை வாரம் சீனியர் கூடவே இருப்பார்? ஒரு குழந்தை இறந்துபோன நாளில் நர்ஸ்களோடு உட்கார்ந்து பேச ஆள் உண்டா? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் இடமென்றால், சம்பளம் ஆயிரம், இரண்டாயிரம் குறைந்தாலும் சரி, அங்கேயே சேரச் சொல்லுங்கள்.