அக்கா பதில்கள்: நாலே முக்காலுக்கே இருட்டும் ஊரில்

கேள்வி: டொராண்டோவில் இது எனக்கு முதல் குளிர்காலம். நாலே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது. எதிலும் மனசு ஒட்டவில்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது. கீழ்வீட்டு யூதப் பாட்டி, ஹனுக்கா என்ற அவர்களுடைய எட்டு நாள் பண்டிகைக்கு விளக்கேற்றக் கூப்பிட்டிருக்கிறார். வேற்று மதத்தார் போகலாமா? கையில் என்ன கொண்டுபோவது?
- ஒரு வாசகி

பதில்: கட்டாயம் போங்கள். அந்த விளக்கை ஜன்னலில் வைப்பதே ஊரார் பார்க்கத்தான்.

நான் இதே ஊரில் வயதான ஒரு யூத அம்மாவுக்குத் துணையாக வேலை பார்த்தவள். மெழுகு சொட்டாமலிருக்க ஜன்னல் திண்டில் அலுமினியத் தாள் விரிப்பார். முதல் நாள் ஒரு மெழுகுவர்த்தி, மறுநாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. மற்றவற்றை ஏற்றிவைக்க ‘ஷமாஷ்’ என்று தனியாக ஒன்று. தினமும் எல்லாமே புதிது என்பதால் பெட்டியில் 44 இருக்கும். எரிகிற அரைமணி நேரமும் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்பது வழக்கம். அந்த வெளிச்சத்தில் படிக்கவும் கூடாது, பார்க்க மட்டும்தான். அந்த அம்மா மடியில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார், என்னையும் வேலை செய்ய விடமாட்டார். நாள் முழுக்க ஓடுகிற எனக்கு அந்த அரைமணி எவ்வளவு பெரிய கொடை!

கி.மு. 164-ஆம் ஆண்டை ஒட்டிய கதை இது. அந்தியோகஸ் என்ற அரசன் தீட்டுப்படுத்திய ஜெருசலேம் கோயிலை மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் மீட்டார்கள். ஒரு நாளைக்கே இருந்த தூய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது நம்பிக்கை. எட்டு விளக்கில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வா என்றது ஷம்மாய் என்ற பழைய யூத குருவின் மரபு. ஒன்றில் தொடங்கிக் கூட்டு என்றது ஹில்லெல் என்ற இன்னொரு குருவின் மரபு. ஹில்லெல் சொன்னதுதான் நிலைத்தது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்: முதல் நாளே பொங்கி வழியச் சொல்லவில்லை, இன்றைக்கு ஒன்று போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஹனுக்காவோ யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-இல், தேய்பிறையில் தொடங்கும், நடுவில் அமாவாசை வரும். ஆண்டின் நீண்ட இரவுகள், நிலாவும் கிடையாது. அங்கேதான் விளக்கு ஒவ்வொன்றாகக் கூடுகிறது.

உங்கள் ‘கோளாறு’க்கும் தல்மூது என்ற பழைய யூத நூலில் ஒரு கதை உண்டு. பகல் குறுகுவதைக் கண்ட ஆதாம், தன் பாவத்தால்தான் உலகம் இருள்கிறது என்று பயந்து எட்டு நாள் நோன்பிருந்தானாம். அப்புறம் பகல் நீள்வதைப் பார்த்து, ‘அட, உலகத்தின் போக்கே இதுதானா’ என்று எட்டு நாள் கொண்டாடினானாம். உங்களுக்கும் அதுதான்: குறை உங்களிடம் இல்லை. ஆனால் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சரி, என்ன கொண்டுபோவது? பாட்டி கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பார்ப்பவரானால் நம் சட்டியில் பொரித்த முறுக்கைச் சாப்பிட முடியாது. முழுப் பழங்கள், அல்லது ‘சி.ஓ.ஆர்.’ என்ற கோஷர் முத்திரையுள்ள பிரிக்காத பெட்டி வாங்குங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பொழுது சாயும் முன்பே போய்விடுங்கள், அன்று மாலை தொடங்கும் சப்பாத் என்ற ஓய்வு நாளுக்கு முன்னால் விளக்கை ஏற்றியாக வேண்டும். உருளைக்கிழங்கு துருவ ஆள் தேவைப்பட்டால் கை கொடுங்கள். துணியில் கட்டி, நீர் சொட்டுவது நிற்கும்வரை பிழிய வேண்டும். அப்போதுதான் ‘லாட்கே’ என்ற உருளைக்கிழங்கு அடையின் ஓரம் மொறுமொறுவென வரும். ஆப்பிள் கூழோடு சூடாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஹனுக்கா முடிந்த பிறகு ஜனவரி, பிப்ரவரியை எப்படிக் கடப்பது?
- அதே வாசகி

பதில்: யூதர்களின் ஷெவாட் மாதப் பௌர்ணமியில் ‘து பிஷ்வாட்’ வரும், மரங்களுக்குப் புத்தாண்டு. பல வருடங்களில் தைப்பூசத்தை ஒட்டியே அமையும். 2026-இல் பிப்ரவரி 1 தைப்பூசம். அன்று மாலையே இதுவும் தொடங்கியது. இஸ்ரேலில் அப்போது மழைக்காலத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும், பாதாம் மரம் பூத்திருக்கும். அத்தி, பேரீச்சை, மாதுளை என்று தட்டு நிறையப் பழம் வைப்பார்கள். சில வீடுகளில் நாலு கிண்ணம் திராட்சை ரசம்: முதலாவது வெள்ளை, பிறகு சிவப்பு கூடிக்கூடி, நாலாவது முழுச் சிவப்பு. இந்த முறை நீங்கள் பாட்டியைக் கூப்பிடுங்கள். பேரீச்சம்பழப் பெட்டியை அவர் வந்த பிறகு, அவர் எதிரிலேயே பிரியுங்கள்.