படிவத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

பென்சில்வேனியாவில் படிக்கும் உங்கள் மகளை, மக்களிடம் வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பி வாங்கும் வேலைக்கு அழைத்து, படிவம் ஒன்றுக்கு இத்தனை டாலர் சம்பளம் என்று பேசியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த மாநிலச் சட்டப்படி அது குற்றம். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும்தான். மணிக்கூலி என்றால் தாராளமாகப் போகலாம்.

ஆனால் “ஒரு நாளைக்கு 20 படிவம் கட்டாயம்” என்று நெருக்கினால் அப்போதே விலகிவிடட்டும். 2024 அக்டோபரில் அதே மாநிலத்தின் லேன்காஸ்டர் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) சுமார் 2,500 படிவங்கள் விசாரணைக்குப் போயின. பலவற்றில் ஒரே கையெழுத்து, தவறான முகவரி. எண்ணிக்கைக்காகத் துரத்தினால் இப்படித்தான் ஆகும்.

நானும் ஒரு கோடையில் மணிக்கூலிக்கு மளிகைக்கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றிருக்கிறேன். பிறந்த தேதியை எழுதாமலே சிலர் போய்விடுவார்கள். அந்தக் கட்டத்தை நாமே நிரப்பக் கூடாது. படிவத்தைக் கிழித்துப் போடவும் கூடாது, அப்படியே ஒப்படைக்க வேண்டும். இதை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். பொய்யென்று தெரிந்தே படிவம் கொடுத்தால் கூட்டாட்சிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

அப்புறம், சம்பள விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். தர மறுத்தால் அந்த வேலையே வேண்டாம்.